ஆஸ்பத்திரியில் வந்து சேரும் கிருமித்தொற்று: சேலத்துக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று சொன்ன பிறகும் நோயாளியை வீட்டுக்கு அனுப்பாமல் நாள் தள்ளிக்கொண்டே போகிறதா? அதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது, உள்ளே வந்த பிறகு பிடித்த பாக்டீரியா தொற்று. பில்லில் அதற்கென்று தனி வரி இருக்காது. ஊசி மருந்து, படுக்கை வாடகை, ரத்தப் பரிசோதனை என்று பல வரிகளில் பிரிந்து கிடக்கும். சேலத்து வார்டுகளில் பல ஆண்டுகள் நர்ஸாக இருந்தவள் நான். நோயாளியோடு கூட இருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இந்தத் தொற்றுகளில் பெரும்பகுதியைத் தடுக்க முடியும். தடுப்பதில் குடும்பத்துக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்க அப்பா கால் எலும்பு முறிஞ்சுதான் வந்தாரு. வரும்போது இல்லாத காய்ச்சல் அஞ்சாம் நாள் எப்படிங்க வந்தது?

ஒருவர் அட்மிட் ஆகி 48 மணி நேரம் கழிந்த பிறகு தொடங்கும் தொற்றை, வரும்போதே உடம்பில் வளர்ந்துகொண்டிருந்ததாக இல்லாவிட்டால், ஆஸ்பத்திரியில் வந்த தொற்று என்று கணக்கில் வைப்பார்கள். ஆபரேஷன் காயத்துக்கு மட்டும் கெடு நீளம். 30 நாள் வரை பார்ப்பார்கள். பிளேட், செயற்கை மூட்டு மாதிரி ஏதாவது உள்ளே வைத்திருந்தால் சில ஆபரேஷன்களுக்கு 90 நாள் வரை.

கிருமி வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. நம் தோலிலும் குடலிலும் கோடிக்கணக்கான பாக்டீரியா எப்போதும் இருக்கின்றன. இருக்கிற இடத்தில் இருக்கும்வரை தொந்தரவில்லை. கையில் நரம்பு ஊசி, சிறுநீர்ப் பைக்குள் டியூப், தொண்டையில் வெண்டிலேட்டர் குழாய், வயிற்றில் ஆபரேஷன் காயம் என்று தோலின் காவலைத் தாண்டி நாமே வழி திறந்துவிடும்போது அவை உள்ளே இறங்குகின்றன. அடுத்த படுக்கைக்காரரின் கிருமியும் அதே வழியில் வரும். அதைச் சுமந்து வருவது பெரும்பாலும் மனிதக் கைதான். அசினெட்டோபாக்டர் என்று ஒரு கிருமி இருக்கிறது. காய்ந்த கட்டில் கம்பியிலும் மானிட்டர் பொத்தானிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

இது எத்தனை பேருக்கு வருது? ஏதோ ஆயிரத்தில் ஒருத்தருக்கா?

இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பணக்கார நாடுகளில் அட்மிட் ஆகும் 100 பேரில் 7 பேருக்கும், நம்மைப் போன்ற நடுத்தர, ஏழை நாடுகளில் 100க்கு 15 பேருக்கும் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது ஒரு தொற்றாவது வருகிறது. அப்படித் தொற்று வந்தவர்களில் பத்தில் ஒருவர் இறக்கிறார். கை சுத்தமும் செலவு குறைந்த சில பழக்கங்களும் சரியாக இருந்தால் இதில் 70 சதவீதத்தைத் தடுக்கலாம் என்றும் அதே அறிக்கை சொல்கிறது.

ஆஸ்பத்திரிக்கு உள்ளே, வெளியே எல்லாவற்றையும் சேர்த்தால், 2019இல் மட்டும் பாக்டீரியா தொற்றுகளோடு தொடர்புடைய சாவுகள் உலகம் முழுக்க சுமார் 77 லட்சம். அதில் பாதிக்கு மேல் ஐந்தே வகைக் கிருமிகளின் வேலை: ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஈ.கோலை, நிமோகாக்கஸ், கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ். நிமோகாக்கஸ் தவிர மற்ற நான்கும் ஆஸ்பத்திரி வார்டுகளில் எங்களுக்குப் பழகிய பெயர்கள்.

அரசு ஆஸ்பத்திரியில மருந்து இலவசம்தானே? அப்புறம் என்ன செலவு?

இந்தக் கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நம்பி தருமபுரி, நாமக்கல், கிருஷ்ணகிரி பக்கமிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் வாங்கிக் கொடுக்கும் மருந்து அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கிடைக்கிறது. அது பெரிய காரியம். அதற்கு வெளியே நடக்கும் செலவை யாரும் எழுதி வைப்பதில்லை.

இளம்பிள்ளையில் தறி ஓட்டும் ஒருவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்று வைத்துக்கொள்வோம். நான்கு நாளில் வீடு திரும்ப வேண்டியவர். காயத்தில் சீழ் பிடித்து மேலும் இரண்டு வாரம் தங்குகிறார். நாள் கூலி 600 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைத்தால் அவர் இழப்பது 8,400. கூட இருக்கும் மனைவியும் தறிக்குத் துணை வேலை செய்பவர். அவர் கூலியும் போச்சு. இரண்டு பேருக்கும் சாப்பாடு, டீ, தினமும் ஊரிலிருந்து யாராவது வந்துபோக பஸ் செலவு. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அம்மாச்சியை வரவழைக்க வேண்டும். வெளியே எடுக்கச் சொல்லும் ஸ்கேன் ஒன்றிரண்டு. முதலாளியிடம் வாங்கியிருந்த முன்பணம் தறி ஓடாததால் கடனாக நிற்கும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பொடி வைக்கிறவருக்கும், ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலையில் வேலை பார்க்கிறவருக்கும், சங்ககிரி லாரி டிரைவருக்கும் இதே கணக்குத்தான். வேலைக்குப் போனால்தான் காசு.

தனியார் மருத்துவமனை என்றால் இதற்கு மேல் ஐசியு வாடகை, மறுபடியும் தியேட்டர் செலவு, சாதாரண ஊசிக்குக் கட்டுப்படாத கிருமிக்குப் போடும் விலை உயர்ந்த ஊசி எல்லாம் சேரும். நகை அடகுக்குப் போவதும், தாலிக்கொடியைக் கழற்றிவிட்டு மஞ்சள் கயிற்றோடு நிற்கும் பெண்களும் நான் வார்டு வாசலில் அடிக்கடி பார்த்தவை. இந்தியாவில் மருத்துவத்துக்காகச் செலவாகும் மொத்தப் பணத்தில் 39.4 சதவீதம் குடும்பங்களின் கையிலிருந்து நேராகப் போகிறது என்று 2021–22க்கான தேசிய சுகாதாரக் கணக்கு காட்டுகிறது. முன்பு 60 சதவீதத்துக்கும் மேல் இருந்தது குறைந்திருக்கிறது என்பது நல்ல செய்தி. இழந்த கூலி அந்தக் கணக்குக்குள் வராது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொரு இழப்பும் உண்டு. அவர் இரண்டு வாரம் கூடுதலாகப் படுத்திருந்த கட்டில், வேறொருவர் காத்திருந்த கட்டில்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கு. அது பார்த்துக்காதா?

ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அந்தத் திட்டத்தில் சிகிச்சை உண்டு. ஆனால் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு பேக்கேஜ் தொகை வைத்திருக்கிறார்கள். தொற்று வந்து நாள் நீளும்போது, கூடுதல் சிகிச்சைக்கு அனுமதி வாங்கியிருக்கிறார்களா, எது அட்டையில் வரும், எது வராது என்று ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு உதவி மேசையில் அன்றன்றே கேட்டுவிடுங்கள். டிஸ்சார்ஜ் நாளில் கேட்டால் வாக்குவாதம்தான் மிஞ்சும். சந்தேகம் இருந்தால் 104க்குப் போன் செய்யலாம்.

நான்தான் அம்மா கூட இருக்கேன். நான் என்ன செய்யணும்?

நம் ஊர் வார்டுகளில் பாதி நர்ஸ் வேலையைக் கூட இருப்பவர்தான் செய்கிறார். ஊட்டிவிடுவது, துடைத்துவிடுவது, படுக்கை மாற்றுவது, யூரின் பை காலி செய்வது எல்லாம் அவர் கையில். உதவி மனசும் நம்மவர்களுக்கு அதிகம். பக்கத்துக் கட்டில் தாத்தாவுக்கு ஆள் இல்லையென்றால் அவர் யூரின் பையையும் நாமே காலி செய்துவிட்டு, அதே கையோடு வந்து அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டுவோம். ஒரு கட்டிலின் கிருமி அடுத்த கட்டிலுக்குப் போகும் சுருக்கு வழி அது. உதவுவதை நிறுத்தச் சொல்லவில்லை. நடுவில் கை கழுவுங்கள்.

சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. கட்டிலருகே வைத்திருக்கும் கைத்தேய்ப்பு மருந்து என்றால் கை உலரும்வரை 20 முதல் 30 விநாடி. விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண் மூன்றும்தான் விட்டுப்போகிற இடங்கள். கையில் அழுக்கோ ரத்தமோ தெரிந்தால், நோயாளிக்குப் பேதி இருந்தால், சோப்பும் தண்ணீரும்தான்.

யூரின் பையைத் தரையில் வைக்காதீர்கள். படுக்கைக்கு மேலே தூக்கவும் கூடாது. ஸ்ட்ரெச்சரில் ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்போது பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேல் வைத்துவிடுகிறார்கள். அப்போது பைக்குள் இருந்த சிறுநீர் திரும்ப உள்ளே ஓடும். எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும். காலி செய்யும்போது அதன் குழாய் முனை டப்பாவில் படக்கூடாது. ஒவ்வொரு நோயாளிக்கும் தனி டப்பா.

பார்க்க வரும் சொந்தக்காரர்களைக் கட்டிலில் உட்கார விடாதீர்கள். சளி, இருமல், பேதி இருப்பவர்களைப் போனில் விசாரிக்கச் சொல்லுங்கள். சித்தப்பா கோபித்துக்கொண்டால் டிஸ்சார்ஜ் ஆன பிறகு சமாதானம் செய்துகொள்ளலாம்.

இத்தனை டியூப் எதுக்கு? எடுக்கச் சொல்லிக் கேட்கலாமா?

கேட்கலாம், தினமும் கேட்க வேண்டும். குடும்பம் செய்யக்கூடிய காரியங்களில் இதைவிடப் பயனுள்ளது வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சிறுநீர் டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் பாக்டீரியா சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் ஏறுகிறது. பத்து நாள் வைத்தால் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஆபரேஷனுக்காக வைத்த டியூப், நோயாளி எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகும் அப்படியே கிடப்பது உண்டு. யாரும் வேண்டுமென்று விடுவதில்லை. காலை ரவுண்ட்ஸில் முப்பது நோயாளிகள் இருந்தால் ஒரு டியூப் கண்ணில் படாமல் போகும். கூட இருப்பவருக்கு ஒரே நோயாளிதான். "சிஸ்டர், இந்த யூரின் டியூப் இன்னும் வேணுங்களா? டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றீங்களா?" என்றால் போதும். நீங்களாக இழுத்துவிடாதீர்கள். உள்ளே பலூன் இருக்கும், சிறுநீர்ப் பாதை கிழிந்துவிடும்.

கையில் நரம்பு ஊசிக்காகப் போட்ட வென்ஃப்ளான் என்ற சின்னக் குழாயும் இப்படித்தான். ஊசி மருந்து நின்று மாத்திரைக்கு மாறிய பிறகும் இருக்கிறதா? அந்த இடம் சிவந்து, வீங்கி, தொட்டால் சுடுகிறதா? உடனே சொல்லுங்கள்.

கழுத்தில் போடும் பெரிய நரம்பு டியூப்பில் தொற்று வந்தால் கிருமி நேராக ரத்தத்தில் கலக்கும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியுக்களில் ஐந்தே பழக்கங்களைக் கட்டாயமாக்கினார்கள். கை கழுவுவது, டியூப் போடும்போது முழு உடை, உறை, விரிப்பு மூன்றையும் பயன்படுத்துவது, தோலை குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கொண்டு சுத்தம் செய்வது, தொடை நரம்பைத் தவிர்ப்பது, தேவை முடிந்ததும் டியூப்பை எடுத்துவிடுவது. அங்கே ரத்தத் தொற்று 66 சதவீதம் வரை குறைந்ததாக 2006இல் முடிவு வெளியானது. இந்த ஐந்தில் புது மெஷினோ புது மருந்தோ எதுவும் இல்லை. சேலத்தில் எந்த ஐசியுவிலும் நாளைக் காலையே செய்யலாம். செய்யும் இடங்களும் இருக்கின்றன.

வெண்டிலேட்டரில் இருப்பவருக்குத் தலைப்பக்கம் 30 டிகிரிக்கு மேல் உயர்ந்திருக்க வேண்டும், டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் தவிர. பார்க்க அனுமதிக்கும் ஐந்து நிமிடத்தில் இதைக் கவனியுங்கள்.

கை கழுவினீங்களான்னு டாக்டரைக் கேட்டா கோவிச்சுக்க மாட்டாரா?

சிலர் முகம் சுளிப்பார்கள். 1847இல் வியன்னாவில் செமல்வைஸ் என்ற டாக்டர், பிரசவ வார்டுக்குள் வரும் மருத்துவர்கள் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வேண்டும் என்று சொன்னபோது தாய்மார்களின் சாவு சட்டென்று குறைந்தது. கூடவே பணிபுரிந்த பெரிய டாக்டர்கள் பலர் அதை ஏற்கவில்லை. இன்று அந்த நிலை இல்லை. கட்டில் அருகே இருக்கும் கைத்தேய்ப்பு பாட்டிலை எடுத்து முதலில் நீங்கள் தேய்த்துக்கொண்டு, "நீங்களும் போட்டுக்கறீங்களா சார்?" என்று நீட்டுங்கள். மறுத்தவரை நான் பார்த்ததில்லை.

ஆபரேஷனுக்கு முன்னாடி வீட்டில என்ன செய்யலாம்?

முந்தின இரவோ அன்று காலையோ சோப்புப் போட்டுக் குளிக்கட்டும். சுத்தமாகப் போகலாமே என்று வீட்டில் பிளேடால் முடி எடுக்காதீர்கள். பிளேடு போட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், அங்கே கிருமி கூடு கட்டும். எடுக்கவேண்டும் என்றால் ஆஸ்பத்திரியில் கிளிப்பரால் எடுப்பார்கள். சர்க்கரை நோய் இருந்தால் அளவைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். சர்க்கரை ஏறிய ரத்தத்தில் காயம் ஆறாது. அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் பீடி, சிகரெட்டை நான்கு வாரம் முன்பே நிறுத்துங்கள்.

கீறல் போடுவதற்கு முன் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு ஆன்டிபயாடிக் ஊசி போடுவார்கள். பெரும்பாலான சுத்தமான ஆபரேஷன்களுக்கு அதுவே போதும். "இன்னும் அஞ்சு நாளைக்கு ஊசி போடுங்க சார், சீழ் பிடிக்காது" என்று குடும்பமே வற்புறுத்துவது உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

பருப்பு, முட்டை, கறி சாப்பிட்டா தையல் சீழ் பிடிக்குமாமே?

பிடிக்காது. இந்த ஒரு நம்பிக்கையால் எத்தனை காயங்கள் ஆறாமல் கிடந்தன என்று நினைத்தால் மனசு கனக்கிறது. சீழ் பிடிப்பது பாக்டீரியாவால். காயம் மூட உடம்புக்குப் புரதம் வேண்டும். டாக்டர் சாப்பிடலாம் என்று சொன்ன நாளிலிருந்து பருப்பு, முட்டை, பால், மீன் எல்லாம் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் அளவை டாக்டரிடம் கேளுங்கள். வெறும் அரிசிக் கஞ்சியும் ரசமுமாக மூன்று வாரம் ஓட்டாதீர்கள்.

"சாதாரண ஊசி கேக்கலை, பெரிய ஊசி போடணும்"னு சொல்றாங்க. அப்படின்னா?

கிருமி பழைய மருந்துகளுக்கு எதிராகத் தாங்கும் சக்தி பெற்றுவிட்டது என்று பொருள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2013 முதல் இதைக் கண்காணிக்கிறது. ஐசியுக்களில் பிடிக்கும் அசினெட்டோபாக்டர் பெரும்பாலும் மெரோபெனெம் மாதிரியான வலுவான ஊசிக்கே அடங்குவதில்லை. அப்போது கையில் எஞ்சியிருப்பது கோலிஸ்டின் போன்ற பழைய மருந்து. அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். சிறுநீரகம் பாதித்தால் டயாலிசிஸ், அதற்கு மேலும் நாள், மேலும் செலவு. 2019இல் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவே நேரடிக் காரணமாக உலகில் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள்.

பெரிய ஊசி தொடங்கும் முன் கல்ச்சர் எடுத்தார்களா என்று கேளுங்கள். ரத்தம், சிறுநீர், சீழ் எதிலாவது எடுத்து வளர்த்து, எந்த மருந்துக்குக் கிருமி சாகிறது என்று பார்க்கும் பரிசோதனை அது. முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். நோயாளி மோசமாக இருந்தால் அதுவரை காத்திருக்காமல் ஊசி தொடங்குவது சரிதான். ரிப்போர்ட் வந்ததும் மருந்தை அதற்கேற்ப மாற்றினார்களா என்று மறக்காமல் விசாரியுங்கள். பல நேரம் விலை குறைந்த மருந்தே போதும் என்று ரிப்போர்ட்டில் வரும். நகல் ஒன்று வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

நாங்க காய்ச்சல்னா மெடிக்கல்ல கேட்டு மூணு மாத்திரை வாங்கிப் போட்டுக்குவோம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. ஆனால் குடலில் இருக்கும் பாக்டீரியா அந்த மருந்தைப் பழகிக்கொள்ளும். பிறகு ஒரு நாள் ஆபரேஷனுக்குப் போகும்போது பழகிய கிருமியையும் சுமந்துகொண்டு போகிறீர்கள். 2014 மார்ச் முதல் பல ஆன்டிபயாடிக்குகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்றால் குற்றம். வாங்கியவர் பெயரைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் கேட்டு வாங்காதீர்கள்.

எடை குறைஞ்ச பச்சைக் குழந்தை, இன்குபேட்டர்ல இருக்கு.

தாய்ப்பால்தான் முதல் மருந்து. பீய்ச்சியாவது கொடுங்கள். டாக்டர் அனுமதித்தால் குழந்தையை நெஞ்சோடு நெஞ்சாக அணைத்து வைத்துக்கொள்ளுங்கள், தொற்று குறைகிறது. தொடும் முன் வளையல், மோதிரம் கழற்றி முழங்கை வரை கழுவுங்கள்.

தனியார் ஆஸ்பத்திரி பளபளன்னு இருக்கு. அங்க தொற்று வராதா?

தரை பளபளப்பை வைத்து எதையும் சொல்ல முடியாது. அரசு வார்டில் கூட்டம் அதிகம், ஒரு நர்ஸுக்கு நோயாளிகள் அதிகம், அது உண்மையான ஆபத்து. தனியாரில் டியூப்பும் ஐசியு நாட்களும் வலுவான ஊசியும் கூடிப்போவது வேறொரு ஆபத்து. நான் ஒரு வார்டுக்குள் போனால் பார்ப்பது இவற்றை: ஒவ்வொரு கட்டிலருகிலும் கைத்தேய்ப்பு மருந்து இருக்கிறதா, அந்த பாட்டில் காலியாகி மாறுகிறதா, வாஷ்பேசினில் தண்ணீரும் சோப்பும் வருகிறதா, கட்டு மாற்றும் டிரே ஒவ்வொருவருக்கும் தனியா. "உங்க ஐசியுவில போன மாசம் எத்தனை தொற்று?" என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கும் ஆஸ்பத்திரி, கணக்கு வைக்கும் ஆஸ்பத்திரி. கணக்கு வைக்கும் இடத்தில்தான் குறையும்.

அவங்க கவனக்குறைவாலதான் வந்ததுன்னு சந்தேகம். என்ன செய்யலாம்?

எல்லாத் தொற்றும் கவனக்குறைவு ஆகாது. வயது, சர்க்கரை, நோயின் தீவிரம் எல்லாம் சேர்ந்து, எல்லாம் சரியாகச் செய்தும் வருவதுண்டு. சந்தேகம் வலுவாக இருந்தால் கேஸ் ஷீட் நகலை எழுத்தில் கேளுங்கள். விதிப்படி 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும். அதை வேறொரு டாக்டரிடம் காட்டிக் கருத்துக் கேட்ட பிறகு முடிவெடுங்கள். காசு கொடுத்துப் பெற்ற சிகிச்சை என்றால் இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வார்டில் இருக்கும் சிஸ்டரிடம் சத்தம் போடாதீர்கள். அன்றைக்கு ஆள் பற்றாக்குறையில் இரண்டு பேர் வேலையைச் செய்துகொண்டிருப்பவர் அவராகவே இருக்கக்கூடும்.

எங்களுக்கு ஏற்காடு மேல, எஸ்டேட் பக்கம். டிஸ்சார்ஜ் ஆகிப் போன பிறகு ஏதாவதுன்னா?

காயத் தொற்று பலருக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் தலைகாட்டும். காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, வலி குறையாமல் கூடுவது, மஞ்சளாகவோ நாற்றத்தோடோ நீர் வடிவது, தையல் விடுவது, குளிர்க்காய்ச்சல் இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே காட்ட வேண்டும். மஞ்சள்தூள், காபித்தூள், பச்சிலைச் சாறு எதுவும் காயத்தில் வைக்காதீர்கள். நோயாளி குழம்பிப் பேசினாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ கிருமி ரத்தத்தில் ஏறியிருக்கலாம். 108ஐக் கூப்பிடுங்கள்.

மலைக்கிராமத்திலிருந்து கூலியை விட்டுவிட்டு, கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி இறங்கி வரவேண்டுமே என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். அந்த இரண்டு நாளில்தான் மாத்திரையில் போயிருக்க வேண்டியது ஐசியுவரை வருகிறது. அதனால் டிஸ்சார்ஜ் அன்றைக்கே டாக்டரிடம் ஊரைச் சொல்லிவிடுங்கள். கட்டு மாற்றுவதை ஏற்காடு அரசு மருத்துவமனையில் செய்துகொள்ள முடியுமா, தையல் பிரிக்க எந்தத் தேதி, சந்தேகம் வந்தால் எந்த எண்ணுக்குப் போன் செய்வது என்று மூன்றையும் டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே எழுதி வாங்குங்கள். எழுதாமல் கொடுத்தால், எழுதும்வரை மேசைப் பக்கத்திலேயே நில்லுங்கள்.